காலையில் தாடை திறக்க மாட்டேங்குது: ஃபைப்ரோமயால்ஜியாவோடு தாடை வலியும் இருக்கிறவங்க பேசலாமா?

மல்லிப்பந்தல் · பிப்ரவரி 9, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வில்லாபுரத்துல வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். வயசு 44. ஃபைப்ரோமயால்ஜியான்னு (உடம்பு பூரா நாள்பட வலிக்கிற நோய்) என் வலிக்குப் பேர் கிடைச்சு நாலு வருஷம் ஆச்சு. முதுகு, தோள், கால் வலியைப் பத்தி இங்க எழுதினது எல்லாத்தையும் ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். தாடையைப் பத்தி மட்டும் யாரும் எழுதலை. அதான் நானே ஆரம்பிக்கிறேன்.

காலையில கண்ணு முழிக்கும்போதே மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கிட்டு இருக்கும். வாயைத் திறக்கப் பார்த்தா காதுக்கு முன்னாடி ஒரு இழுப்பு, அது கன்னம் வழியா நெத்திப்பொட்டு வரைக்கும் ஏறும். வெந்நீர்ல துண்டை நனைச்சுப் பிழிஞ்சு பத்து நிமிஷம் வச்சாத்தான் பிரஷ் உள்ள போகும். பத்து மணிக்கு மேல கொஞ்சம் இளகும், விளக்கு வைக்கிற நேரம் திரும்ப இறுகும். முகூர்த்த மாசத்துல வேலை நெருக்கி, ராத்திரித் தூக்கமும் கெட்டா, மறுநாள் இட்லியைக்கூடப் பால்ல ஊறவச்சுத்தான் சாப்பிடணும்.

நான் இழந்ததைச் சொல்றேன், இன்னொருத்தர் இழக்கக்கூடாது. ஃபைப்ரோன்னு தெரியறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே கீழ் வலது கடைவாய்ப் பக்கம் வலி. ஒரு கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்தாங்க. சொத்தை தெரியலை, ஆனா வலிக்குதுன்னா வேர்லதான் இருக்கும்னு ரூட் கெனால் பண்ணினாங்க. வலி நிக்கலை. அடுத்த மாசம் பக்கத்துப் பல்லுக்கும் அதே. கடைசியில முதல் பல்லையே பிடுங்கிட்டாங்க. மரத்துப்போறதுக்குப் போட்ட ஊசியோட வேகம் இறங்கினதும், பல்லே இல்லாத அந்தப் பள்ளத்துல அதே வலி. அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு விளங்குச்சு, வலி பல்லுல இருந்ததே இல்லைன்னு. ரெண்டு வருஷத் தையல் காசு போச்சு. காசாவது திரும்ப வரும்.

எங்க தெருவுல முளைப்பாரிக்குக் குலவை போடுறதுன்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. போன ஆடிக்கு வாயைத் திறந்தேன், தாடை பாதியில பிடிச்சுக்கிச்சு. பக்கத்துல நின்னவங்க ஏதோ சாமி வந்துடுச்சுன்னு நினைச்சாங்க. நான் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓரமாப் போய் உட்கார்ந்து அழுதேன்.

உடம்பு வலியும் தாடை வலியும் ஒண்ணுதானா, வேற வேறயா? நீங்க என்ன செய்றீங்க?

உசிலை_விசில் · பிப்ரவரி 9, இரவு 10.25

அக்கா, ஆம்பளைகளுக்கும் வரும். நான் உசிலம்பட்டி – ஆரப்பாளையம் ரூட்டுல கண்டக்டர். பதினாறு வருஷமா விசிலைப் பல்லுல கடிச்சே வேலை பார்த்தேன். ஒரு கை டிக்கெட்டு, ஒரு கை சில்லறை, அப்ப விசில் எங்க இருக்கும்? வாயிலதான். கூட்ட நேரத்துல ஒன்றரை மணி நேரம் இறக்கவே மாட்டேன். உடம்பு பூரா வலின்னு போய், தோளுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோ அம்மாதான் முதல்ல கண்டுபிடிச்சாங்க. கன்னத்தைத் தொட்டுட்டு, வலது பக்கம் மட்டும் சதை கல்லு மாதிரி இருக்கே, எதையாவது கடிச்சுக்கிட்டே இருப்பீங்களான்னு கேட்டாங்க.

நீங்க நூலைப் பல்லால கடிச்சு அறுக்குறீங்களா? எங்க அத்தை பூக்கட்டுறவங்க, நாரைக் கடிச்சுக் கடிச்சு முன் பல்லே தேஞ்சு போச்சு. அதை முதல்ல நிறுத்துங்க.

இன்னொண்ணு. வலிக்குன்னு ஒரு மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரத்துல இருந்து ராத்திரிப் பல்லு நறநறன்னு சத்தம் போடுதுன்னு வீட்டம்மா சொன்னாங்க. டாக்டர்கிட்ட அதைச் சொன்னதும் மாத்திரையை மாத்திக் கொடுத்தார். சொல்லலைன்னா அவருக்கு எப்படித் தெரியும்?

மல்லிப்பந்தல் · பிப்ரவரி 9, இரவு 10.50

தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கடிக்கிறேன்னு இப்பத்தான் யோசிக்கிறேன். ஒரு பிளவுஸுக்கே நாற்பது, ஐம்பது தடவை இருக்கும். ஊக்கு, கொக்கி வைக்கும்போது ஊசியையும் பல்லு இடுக்குலதான் வச்சிருப்பேன். இருபது வருஷமா.

செல்லூர்_டீச்சர் · பிப்ரவரி 10, காலை 6.15

மல்லிம்மா, உங்கள் பதிவை விடியற்காலையில் படித்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். பதினொரு வருடமாக இந்த இரண்டோடும் இருக்கிறேன். ஒரு வகுப்புக்கு ஐம்பது பிள்ளைகள், நாளைக்கு ஆறு பாடவேளை, மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் குரல் போக வேண்டும். மாலையில் வீடு வந்தால் கணவரோடு பேசக்கூட வாய் வராது. அவர் முதலில் கோபம் என்று நினைத்தார்.

எனக்கு உண்மையில் உதவியதை மட்டும் எழுதுகிறேன்.

ஓய்வில் இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது என்பது எனக்கு ஐம்பது வயதுவரை தெரியாது. உதடு மூடியிருக்கலாம், பற்கள் விலகியிருக்க வேண்டும். நாக்கை எங்கே வைப்பது என்று பிசியோதெரபிஸ்ட் நெடுநேரம் விளக்கினார், எனக்குப் பிடிபடவில்லை. பிறகு நானே கண்டேன். ‘ந’ சொன்னால் நாக்கு பல்லில் முட்டுகிறது. ரெண்டு சுழி ‘ன’ சொன்னால் பல்லுக்குச் சற்று மேலே, அண்ணத்தின் முன்மேட்டில் போய் நிற்கிறது. அந்த இடம்தான். ‘ன்’ என்று மனத்துக்குள் சொல்லி நாக்கை அங்கேயே விட்டுவிட்டால் பற்கள் தாமாக விலகிக்கொள்கின்றன, தாடை தொங்கி இளகுகிறது. அவரிடம் சொன்னேன், அதற்குப் பிறகு மற்றவர்களுக்கும் அப்படியே சொல்லிக்கொடுக்கிறாராம்.

நாக்கை அந்த ‘ன’ இடத்திலிருந்து எடுக்காமல் வாயை மெதுவாகத் திறந்து மூடுவதுதான் பயிற்சி. நாக்கு மேலே இருப்பதால் தாடை அளவுக்கு மேல் திறக்காது. ஒரு வேளைக்கு ஆறு தடவை, நாளில் நாலைந்து வேளை செய்கிறேன். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் செய்வது என்று பழக்கிக்கொண்டேன்.

கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கன்னத்தில் ஒத்தடம் கொடுப்பேன், கால் மணி நேரம். சூட்டை முதலில் உள்ளங்கையில் பார்த்துக்கொள்ளுங்கள், கன்னத்துத் தோல் மெல்லியது. கொட்டாவி வந்தால் முஷ்டியை முகவாய்க்கு அடியில் கொடுத்துத் தாங்குங்கள். கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து ஒருக்களித்துப் படுக்காதீர்கள். கைப்பேசியைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே மிஷின் மிதிப்பீர்கள் என்று நினைக்கிறேன், தையல்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். அதையும் விட்டுவிடுங்கள்.

இரவில் பல்லுக்கு மாட்டும் நைட் கார்டு எனக்கு உயிர்காத்தது.

சாப்பாட்டில் ஒன்று. வலிக்கிற வாரத்தில் பருத்திப்பால், பொங்கல், குழைந்த சோறு. ஆனால் வருடம் முழுக்க அதையே உண்டால் தசை இன்னும் பலம் இழக்கும். நான் அந்தத் தவறைச் செய்து, மூன்று மாதம் கஞ்சியிலேயே கிடந்தேன். பிறகு ஒரு சப்பாத்தி மெல்லவே பயமாகிவிட்டது. வலி குறைந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய உணவுக்கு வர வேண்டும். பொங்கல் கரும்பையும் சீடையையும் மட்டும் நான் திரும்பத் தொடவில்லை.

மேலூர்_பல்மருத்துவர் · பிப்ரவரி 10, மதியம் 2.30

மல்லிப்பந்தல் அக்கா, உங்கள் பல்லைப் பற்றிப் படித்தபோது என் தொழிலில் இருக்கிறவளாக எனக்கு மனம் கனத்தது. தாடைத் தசையில் எழும் வலி பல்லில் வலிப்பதுபோலவே தெரியும். நாடித்துடிப்புபோல விண்விண்ணென்று தெறிக்காமல், மந்தமாக இடைவிடாமல் இழுக்கும். நோயாளியால் பிரித்துச் சொல்ல முடியாது, நாங்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். பல்லைத் தட்டிப் பார்த்து, குளிர்ச்சி வைத்துப் பார்த்து, கன்னத் தசையை விரலால் அழுத்திப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். தசையை அழுத்தியதும் ‘இதுதான் என் வலி’ என்று நோயாளி சொன்னால் பல்லை விட்டுவிட வேண்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஃபைப்ரோமயால்ஜியாவை அடையாளம் காண 1990-ல் அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி 18 அழுத்தப் புள்ளிகளை வகுத்தது. அவற்றில் 11 இடத்தில் வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010-ல் அந்த முறையை மாற்றி, உடம்பில் 19 பகுதிகளில் எங்கெங்கே வலி என்று கேட்டு எண்ணும் பட்டியலைக் கொண்டுவந்தார்கள். அந்த 19-ல் இடது தாடை ஒன்று, வலது தாடை ஒன்று. ஆக, உங்கள் தாடை வெளியாள் இல்லை அக்கா, நோயின் பட்டியலிலேயே இருக்கிறது.

இந்த நோயில் தசை கிழிவதோ மூட்டு அரிப்பதோ இல்லை. அழுத்தம், தொடுதல் என்று வரும் சாதாரணச் செய்தியையே தண்டுவடமும் மூளையும் வலியாகப் பெரிதாக்கிக்கொள்கின்றன. அதனால்தான் சாதாரண வலி மாத்திரைகள் அதிகம் கேட்பதில்லை. தாடை மூட்டோ பேசவும் மெல்லவும் விழுங்கவும் கொட்டாவி விடவும் நாள் முழுக்க அசைவது. ஏற்கெனவே உணர்வு கூர்ந்துபோன உடம்பில், அதற்குப் பல் கடிக்கும் பழக்கமும் சேர்ந்தால் இறுகாமல் என்ன செய்யும்? தூக்கம் ஆழமில்லாமல் போவது இரண்டையும் கூட்டும்.

அளந்துகொள்ள எளிய வழி: உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். மூன்றும் போனால் திறப்பு சரி. இரண்டுதான் போகிறதென்றால் குறைவு. வலிந்து திணிக்காதீர்கள். வாரம் ஒரு முறை பார்த்தால் போதும்.

கண்டக்டர் அண்ணன் சொன்னது முக்கியமானது. இந்த வலிக்குக் கொடுக்கும் டுலோக்செடின்போன்ற சில மருந்துகளில் சிலருக்குப் பல் கடிப்பது கூடும். ஆனால் தானாக நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல் என்று வேறு தொல்லை வரும். எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லி மாற்றுங்கள். இதே வலிக்கு அமிட்ரிப்டிலின் என்ற மருந்தைச் சிறிய அளவில் இரவில் எடுப்பவர்களுக்கு வாய் உலரும். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாக வரும், அடிக்கடி தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள், இனிப்பு மிட்டாய் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

இனி டீச்சரம்மாவோடு ஒரு மாற்றுக்கருத்து. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் நாள்பட்ட தாடை வலிக்கான வழிகாட்டுதல் ஒன்று வந்தது. தாடைப் பயிற்சி, தசையை நீவிவிடும் சிகிச்சை, வலியோடு வாழ மனத்தைப் பழக்கும் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை அது உறுதியாகப் பரிந்துரைக்கிறது. நைட் கார்டை வலிக்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. பல் தேய்வதை அது தடுக்கும், அதற்காக நானும் செய்து தருகிறேன். வலி போய்விடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

பல்லைச் சீவிக் கடியைச் சரிசெய்வது, பிடுங்குவது, தாடையில் அறுவை என்று திரும்பப்பெற முடியாத எதையும் இந்த வலிக்கு முதலில் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். அப்படிக் கேட்பதில் எந்த நல்ல மருத்துவருக்கும் மனவருத்தம் இருக்காது.

செல்லூர்_டீச்சர் · பிப்ரவரி 10, மாலை 4.05

டாக்டரம்மா, படித்துவிட்டு யோசித்தேன். நைட் கார்டு போட்ட அதே மாதம்தான் பயிற்சியையும் ஆரம்பித்தேன், பள்ளியிலிருந்தும் ஓய்வு பெற்றேன். எதனால் குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அதை மாட்டாமல் என்னால் தூங்க முடியாது. மல்லிம்மா, செலவு செய்யும் முன் டாக்டரம்மா சொன்னதையும் எண்ணிப்பாருங்கள்.

மல்லிப்பந்தல் · பிப்ரவரி 10, இரவு 9.10

இடது தாடை ஒண்ணு, வலது தாடை ஒண்ணு. இந்த வரியை என் மகளை விட்டு மூணு தடவை வாசிக்கச் சொன்னேன். ஆறு வருஷத்துல யாராவது ஒருத்தர் இதைச் சொல்லியிருந்தா அந்தப் பல்லு என் வாயில இருந்திருக்கும்.

வைகை_87 · பிப்ரவரி 12, இரவு 11.20

ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதினதில்லை. இது என் மனைவிக்காக. அவளுக்கு 31. ரெண்டு வருஷமா உடம்பு வலி, இப்ப ஆறு மாசமா தாடை. ஸ்கேன், உடம்புல அழற்சி இருக்கான்னு பார்க்கிற ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்த டெஸ்ட், தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு, நார்மல். ஒருத்தர் ‘மனசுதான் காரணம், குழந்தை பிறந்தா சரியாயிடும்’னு சொல்லி அனுப்பிட்டார். எங்கம்மா நேரடியா சொல்லலை, ஆனா வேலை செய்ய முடியலைன்னு அவ படுக்கும்போது அம்மா பாத்திரத்தை வைக்கிற சத்தம் மாறும். நான் நடுவுல நிக்கிறேன். அவ பொய் சொல்றான்னு எனக்குத் தோணலை. ஆனா எல்லாமே நார்மல்னா வலி எங்கிட்டு இருந்து வருது? தெரியாமத்தான் கேக்குறேன்.

எங்க ஊர்ப் பக்கம் சுளுக்கு எடுக்கிறவர் ஒருத்தர் இருக்கார். கட்டைவிரலை வாய்க்குள்ள விட்டு ஒரே இழுப்புல தாடையைச் சரி பண்ணிடுவாராம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம்.

மேலூர்_பல்மருத்துவர் · பிப்ரவரி 12, இரவு 11.45

ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள் தம்பி. தாடை முழுதாகக் கழன்று வாயை மூடவே முடியாமல் நிற்பது ஒன்று. அதைப் பயிற்சி பெற்றவர்கள் உள்ளே தள்ளி வைப்பார்கள். உங்கள் மனைவிக்கு இருப்பது திறக்க முடியாத இறுக்கம். இறுகிய தசையை வெடுக்கென்று இழுத்தால் மூட்டுக்குள் இருக்கும் மெத்தைபோன்ற வட்டு நகர்ந்துவிடலாம், தசைநார் கிழியலாம். கன்னத்தை வெளியிலிருந்து மென்மையாக நீவிவிடுவதில் தவறில்லை. அது போதும்.

செல்லூர்_டீச்சர் · பிப்ரவரி 13, காலை 5.50

தம்பி, நம் ஊரில் அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இளவயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் வளைந்துபோனவர். அந்த விரல்களோடுதான் அத்தனை பேருக்குக் கண் அறுவை செய்தார். அவர் கையைப் பார்த்தவர்கள் யாரும் வலிக்கிறதா என்று கேட்டிருக்க மாட்டார்கள். விரலே சாட்சி சொல்லும். முடக்குவாதம் மூட்டை அரிக்கும் நோய், ரத்தத்திலும் எக்ஸ்ரேயிலும் தெரியும். எங்களுடையது வேறு. எங்கள் விரல் நேராக இருக்கும், ரத்தம் சுத்தமாக இருக்கும், நாங்கள் வாய்விட்டுச் சொல்வதைத் தவிர வேறு சாட்சி இல்லை. இப்போது அந்த வாயும் வலிக்கிறது.

‘நார்மல்’ என்று வந்தால் முடக்குவாதம் இல்லை, தைராய்டு இல்லை என்றுதான் பொருள். வலி இல்லை என்று பொருள் இல்லை.

மனசு என்ற சொல்லுக்கு நீங்கள் பயப்பட வேண்டாம். நெடுநாள் வலித்தால் மனம் சோரத்தான் செய்யும், சோர்ந்த மனம் வலியைக் கூட்டவும் செய்யும். அதற்கும் வைத்தியம் உண்டு, நானும் பார்த்துக்கொண்டேன். ஆனால் மனசு என்று சொல்லி அனுப்பிவிடுவது வைத்தியம் ஆகாது.

உசிலை_விசில் · பிப்ரவரி 13, காலை 9.30

சகோ, உங்க அம்மாகிட்ட நீங்கதான் பேசணும், அவங்க பேசக்கூடாது. மருமக பேசினா சண்டையாயிரும், மகன் சொன்னா கேப்பாங்க. என் வீட்டுல என் சம்சாரம்தான் எங்கப்பாகிட்ட பேசுச்சு. ‘மாமா, அவர் வேலைக்குப் போயிட்டுத்தான வர்றார், நடிக்கிறவர் லீவு போட மாட்டாரா’ன்னு ஒரே ஒரு கேள்வி. அதுக்கப்புறம் அப்பா ஒண்ணும் சொல்லலை.

அலங்கை_பொண்ணு · பிப்ரவரி 13, மாலை 6.20

எனக்கு ஃபைப்ரோ இல்லை. வாயைத் திறக்கும்போது காதுகிட்ட ‘டக்’னு சத்தம் மட்டும் வருது, வலி இல்லை. இதெல்லாம் படிச்சதும் பயமா இருக்கு. காலேஜ் ரெண்டாவது வருஷம்.

மேலூர்_பல்மருத்துவர் · பிப்ரவரி 13, இரவு 8.00

வலியில்லாத வெறும் சத்தத்துக்கு வைத்தியம் தேவையில்லைம்மா. நிறையப் பேருக்கு உண்டு. அது வருகிறதா என்று திரும்பத் திரும்ப வாயைத் திறந்து பார்க்காதே, அதுதான் கெடுதல்.

திருமங்கலம்_மகன் · பிப்ரவரி 15, காலை 11.15

எங்கப்பாவுக்கும் வாய் திறக்கலை, ரெண்டு விரல்கூடப் போகலை. வயசு 56. காரம் பட்டா எரியுதுங்கிறார். பாக்குப் பழக்கம் உண்டு, இருபது வருஷமா. இந்தப் பயிற்சியை அவருக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

மேலூர்_பல்மருத்துவர் · பிப்ரவரி 15, மதியம் 1.10

இது இந்த இழையின் நோய் இல்லை தம்பி. பாக்கு போடுபவருக்குக் காரம் எரிந்து, வாய் சுருங்கி வந்தால் கன்னத்தின் உள்தோல் நாராக இறுகும் நோயாக இருக்கலாம். உள்ளே வெளுத்து, விரலால் தடவினால் கயிறுபோலத் தட்டுப்படும். இது புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ளது. பயிற்சியை வைத்துக் காலம் கடத்தாமல் இந்த வாரமே வாயைக் காட்டுங்கள், பெரியாஸ்பத்திரியிலும் பார்ப்பார்கள். பாக்கு இன்றோடு நிற்க வேண்டும்.

இதோடு இன்னும் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக மெல்லும்போது தாடை ஓய்ந்து வலித்து, தலைவலியும் வந்து, சீப்பு பட்டாலே தலை நொந்தால், அதுவும் பார்வை மங்கினால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெற்றி ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் சிகிச்சை தாமதமானால் பார்வை போய்விடும். நடக்கும்போதோ படியேறும்போதோ தாடை வலித்து, நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் அது இதயமாக இருக்கலாம், 108-ஐக் கூப்பிடுங்கள். ஃபைப்ரோ இருக்கிறவர்கள் ‘இதுவும் அதுதான்’ என்று புது வலியைத் தள்ளிவிடுவதைப் பார்க்கிறேன். உங்களுக்கும் மற்ற நோய்கள் வரும்.

நெறியாளர் · பிப்ரவரி 15, மாலை 5.00

மாத்திரை அளவுகளை இங்கே பகிர வேண்டாம். அளவு எழுதிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

திருமங்கலம்_மகன் · பிப்ரவரி 21, இரவு 8.40

அப்பாவைக் காட்டினோம். டாக்டரம்மா சொன்ன நோய்தான். சின்னதாச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாங்க, புற்று இல்லைன்னு வந்திருக்கு. பாக்கை நிறுத்திட்டார். வீட்டுல ரொம்ப எரிஞ்சு விழறார், பொறுத்துக்கிறோம். நன்றி.

மல்லிப்பந்தல் · ஜூன் 2, இரவு 9.30

நாலு மாசம் கழிச்சு வர்றேன். சித்திரைத் திருவிழா நெருக்கடியெல்லாம் முடிஞ்சு இப்பத்தான் உட்கார நேரம் கிடைச்சது.

மிஷின் தலையில ஒரு நாடா கட்டி, நூல் வெட்டுற குட்டிக் கத்தரியைத் தொங்கவிட்டிருக்கேன். முதல் வாரம் கை அதுக்குப் போகவே போகாது, வாய்தான் முந்திக்கும். மகள் பக்கத்துல உட்கார்ந்து ‘அம்மா, பல்லு’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. இப்ப பழகிருச்சு. ஊசிக்கு மணிக்கட்டுல ஒரு பஞ்சுத் திண்டு. மிஷின் மேல சுண்ணாம்புல பெருசா ‘ன்’னு எழுதி வச்சிருக்கேன். வர்ற வாடிக்கையாளர் எல்லாரும் அது என்னன்னு கேக்குறாங்க.

நைட் கார்டு செய்யலை. அந்தக் காசுல ஆறு வாரம் பிசியோதெரபிக்குப் போனேன். கழுத்தை முன்னாடி நீட்டியே தைக்கிறதாலயும் தாடை இறுகுதுன்னு அவங்க சொன்னாங்க. ஸ்டூலை உயர்த்தியிருக்கேன்.

நடக்கவும் ஆரம்பிச்சேன். ஐரோப்பிய மூட்டுவாத டாக்டர்கள் 2016-ல சொன்ன ஆலோசனையில, ஃபைப்ரோவுக்கு உறுதியாப் பரிந்துரைச்சது உடற்பயிற்சி ஒண்ணைத்தான்னு என் டாக்டர் சொன்னார். முதல்ல எனக்குக் கோபம்தான் வந்துச்சு, வலியில இருக்கிறவளை நடக்கச் சொல்றாரேன்னு. வண்டியூர் தெப்பக்குளத்துல ஒரு பக்கம் மட்டும் நடந்துட்டு உட்கார்ந்துடுவேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு பக்கம் கூட்டி, இப்ப ஒரு முழுச் சுத்து வந்திருக்கேன். நல்லா இருக்குன்னு ஒரு நாள் ரெண்டு சுத்து போனேன், மறுநாள் எழுந்திரிக்க முடியலை. நல்ல நாள்லயும் ஒரு சுத்துதான்னு இப்ப வச்சிருக்கேன்.

வலி போயிடலை. காலையில இறுக்கம் இருக்கு, ஆனா துண்டு வைக்காமயே பிரஷ் போகுது. பிப்ரவரியில ரெண்டு விரல், இப்ப ரெண்டரை. மோடம் போட்ட நாள்ல பழையபடிதான். ஆடிக்குக் குலவை போட முடியுமான்னு கேக்காதீங்க, வாயை அவ்வளவு நேரம் திறந்து வைக்கப் போறதில்லை. என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருக்கேன். அவளுக்கு நாக்கு நல்லா சுத்துது.

வைகை_87 · ஜூன் 3, இரவு 10.10

இது அவர் கணக்குதான், ஆனா எழுதுறது நான், அவர் மனைவி. இந்த இழையை அவர் எனக்கு வாசிச்சுக் காட்டினார். சுளுக்குக்குப் போகலை. இப்ப பார்க்கிற டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியான்னு சொல்லியிருக்கார். அந்தப் பேரைக் கேட்டு நான் அழுதேன், அவர் பயந்துட்டார். சந்தோஷத்துலதான் அழுதேன்.

வலியைவிட எனக்குக் கஷ்டம் பந்திதான். விசேஷ வீட்டுல எல்லாரும் சாப்பிட்டு இலையை மடிச்சு எழுந்துடுவாங்க. நான் பாதியிலகூட இருக்க மாட்டேன். அடுத்த பந்திக்காரங்க பின்னாடி நின்னு பார்ப்பாங்க. அதனால சாப்பிட்ட வரைக்கும் போதும்னு எழுந்துடுவேன், வீட்டுக்கு வந்து பசியோட படுத்துருவேன். போன வாரக் கல்யாணத்துல அவர் என் பக்கத்துல உட்கார்ந்து, தன்னோட மோரைச் சொட்டுச் சொட்டாக் குடிச்சுக்கிட்டே இருந்தார், நான் முடிக்கிற வரைக்கும். அத்தை எதிர்ப் பந்தியில இருந்து பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை.

அடுத்த ஞாயித்துக்கிழமை நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. கறிச்சாப்பாடு. கறியைத் தொடாம எழுந்தா நாத்தனார் வருத்தப்படுவாங்க. என்னக்கா செய்யலாம்?

மல்லிப்பந்தல் · ஜூன் 3, இரவு 10.35

வாம்மா, நீயே வந்ததுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஈரலைக் கேட்டு வாங்கிக்க, அது வெண்ணெயா இருக்கும். ரத்தப் பொரியலும் மெல்ல வேண்டியதில்லை. கறித்துண்டு ரெண்டு போதும், அதையும் இலைக்கு வர்றதுக்கு முன்னாடியே சமையக்கட்டுல சின்னதா அரிஞ்சு தரச் சொல்லு, இல்லைன்னா உன் வீட்டுக்காரர் பிச்சுப் போடட்டும். குழம்பை நிறைய ஊத்திச் சோத்தைக் குழையப் பிசை. எலும்பை உறிஞ்சாதே, நல்லியா இருந்தாலும் சரி, ரெண்டு நாள் தாடை பேசாது. முதல் பந்தியில உட்காராம கடைசிப் பந்தியில உட்காரு, பின்னாடி யாரும் நிக்க மாட்டாங்க. போறதுக்கு முன்னாடி வீட்டுலயே கால் மணி நேரம் உப்பு ஒத்தடம் கொடுத்துட்டுப் போ.